எண்ணெய் இறங்கிய டைனமோ

வாசலில் மோட்டார் சைக்கிளை உதைக்கிற சத்தம் கேட்டதும் காத்தாயி அழுகையை நிறுத்தினாள். அவளைக் கட்டிக்கொண்டிருந்தவர்கள் இன்னும் இரண்டு வரி ஒப்பாரி பாடிவிட்டுத்தான் கவனித்தார்கள். அது நேற்று இருட்டிய பிறகு அவள் புருஷன் வீரய்யாவைக் கொன்ற வண்டி. அதை விளக்கெரியாமல் ஓட்டி வந்து, கண்மாய்க்கரையில் நின்ற பாரவண்டியில் மோதிவிட்டான். அவன் தெறித்து விழுந்தான், வண்டி கீறலோடு தப்பியது. சமஸ்தானத்துப் போலீஸ் பிணத்தையும் வண்டியையும் விட்டதே மத்தியானத்துக்கு மேல்தான். அவன் பந்தலில் கிடக்க, அதே வண்டியை எவனோ உதைக்கிறான்.

அவிழ்ந்த தலையோடு எழுந்தாள்.

"ஏடி, எழவு வீட்டுல எந்திரிச்சு எங்கிட்டுப் போற?" வீரய்யாவின் சித்தி சின்னப்பிள்ளை முந்தானையைப் பிடித்தாள். காத்தாயி வெடுக்கென்று இழுத்துக்கொண்டு போனாள்.

வண்டிமேல் அவள் தம்பி மலையாண்டி. பக்கத்தில் கடலை மண்டி முதலாளி ரெங்கராஜ். வண்டி அவருடையது, அதில் ஊர் ஊராகப் போய்க் கடலைக்கு விலை பேசுவதுதான் வீரய்யாவின் வேலை.

"குளத்தூர் போயி அத்தானோட அண்ணனைக் கூட்டியாரேன்க்கா. புள்ளையில்லாத மனுசனுக்கு அவருதான கொள்ளி வைக்கணும்?"

"திரும்பி வாரப்ப இருட்டிரும்டா."

"புது பேட்டரி மாட்டியாச்சு ஆத்தா," என்றார் ரெங்கராஜ். "பழசுதான் சதி பண்ணிருச்சு. விதி, என்ன செய்ய?"

விதியாம். காத்தாயிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஆயுத பூசையன்று வண்டி வயிறு குளிரட்டும் என்று டைனமோவுக்குள் விளக்கெண்ணெயைக் கவிழ்த்தது விதியா? இந்த முதலாளியின் கைதான் கவிழ்த்தது. சந்தனம் வைத்து, கற்பூரம் காட்டி, கும்பிட்டுவிட்டு அந்தக் கை வீட்டுக்குப் போய்ப் பாயசம் சாப்பிட்டது. அன்றையிலிருந்து டைனமோ கரண்டு கொடுக்கவில்லை. பேட்டரியில் இருக்கிற வரைக்கும் விளக்கு எரியும், அப்புறம் குருடு. திருச்சிக்குக் கொண்டுபோய்க் கழற்றித் துடைக்க ரெண்டு நாள் விடுங்கள் என்று வீரய்யா கேட்டுக் கேட்டு வாய் வலித்துப் போனான். வண்டி படுத்தால் வியாபாரம் படுத்துவிடும் என்று பேட்டரியாக மாற்றிக்கொண்டே இருந்தார் இந்த மனிதர்.

"வெளக்கப் போடுறா," என்றாள்.

மலையாண்டி போட்டான். நிழல் விழுந்திருந்த எதிர்வீட்டுச் சுவரில் வெள்ளை வெளேரென்று வெளிச்சம் விழுந்தது.

"பாத்தியா?" என்றார் ரெங்கராஜ்.

"இன்னும் முறுக்குறா. நல்லா முறுக்கு."

என்ஜின் அலறியது. கூட்டம் பந்தலை விட்டு வாசலுக்கு வந்துவிட்டது. காத்தாயி குனிந்தாள். வீரய்யா இதே வாசலில் ஒரு நாள் அவளுக்குச் செய்து காட்டியிருந்தான்: டைனமோ நல்லாயிருந்தா, பேட்டரி இல்லாட்டியும் வெளக்கு நிக்கும் புள்ள. அவள் பேட்டரி வயரைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள்.

விளக்கு பட்டென்று அணைந்தது. என்ஜின் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"இப்படித்தான் மொதலாளி," என்றாள் காத்தாயி. "வண்டி ஓடும். வெளக்கு இருக்காது. அந்த மனுசன் இப்படித்தான் வந்தாரு. இப்ப எந்தம்பியும் வரணுமா?"

 

"அண்ணங்காரன் வரலேன்னா பொணம் ராவெல்லாம் கெடக்குமேடி!" என்று பதறினாள் சின்னப்பிள்ளை.

"கெடக்கட்டும். ரெண்டு நாளுன்னு கெஞ்சினாரே, யாரு குடுத்தீங்க? இன்னிக்கு ஒரு ராத்திரி அவருக்காக எல்லாரும் காத்துக் கெடங்க."

 மலையாண்டி ஓடுகிற வண்டியை அப்படியே ஸ்டாண்டில் ஏற்றிவிட்டு இறங்கினான். துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டு குளத்தூர்ப் பக்கமாக நடக்க ஆரம்பித்தான். அவன் தெருமுனை திரும்புகிறவரை காத்தாயி பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே போய் வீரய்யாவின் தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

என்ஜினை அணைக்க ஒருவருக்கும் கை நீளவில்லை.