அணையாத நான்கு சூடங்கள்

ராசிபுரத்துக்குத் தெற்கே கருங்காட்டூர் மாரியம்மன் கோயில் வாசலில் தனசேகர் சத்தியம் செய்த சூடம் 2016 ஆடி மாதத்திலிருந்து அணையாமல் எரிகிறது. சத்தியம் செய்கிறவன் எரியும் சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும் என்பது அந்தப் பக்கத்து வழக்கம். போர்வெல் வண்டியில் வேலை பார்த்த தனசேகர், இனிமேல் மனைவி சரிதா மேல் கை வைக்க மாட்டேன் என்று சொல்லி ஓங்கி அடித்தான். சூடம் கைக்கு அடியில் படுத்து, கையை எடுத்ததும் எழுந்துகொண்டது. மூன்று தடவை அடித்தும் அப்படியே. தர்மகர்த்தா அருணகிரி ஈரத் துண்டைப் போட்டுப் பார்த்தார். துண்டு காய்ந்ததுதான் மிச்சம். இந்தத் தாலிக்கு ஆத்தாளே விளக்கேற்றிவிட்டாள் என்று அவர் சொன்னார், ஊர் கன்னத்தில் போட்டுக்கொண்டது. சரிதாவின் அம்மா மாரக்காள் மகளின் வலது கையைப் பிடித்து மருமகனிடம் கொடுத்தனுப்பினாள். மறு வாரம் அந்தக் கை முறிந்தது.

போர்வெல் வண்டி சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம் என்று போனால் திரும்ப ஆறேழு மாதமாகும். அவன் திரும்பிவந்து அடிப்பான், சரிதா அம்மா வீட்டுக்கு ஓடுவாள், ஊர் கூடும், சூடம் கொளுத்துவார்கள். ஐந்து வருடத்தில் இப்படி நான்கு சூடம் வரிசையாக நின்று எரிந்தன. ஐப்பசி மழைக்கும் அவை அசையவில்லை. சேலத்திலிருந்தும் ஓமலூரிலிருந்தும் புதுமணத் தம்பதிகள் வந்து மூன்று சுற்று சுற்றிப் போனார்கள். மேலே தகரக் கொட்டகை வந்தது, பஸ் அங்கே நின்று போக ஆரம்பித்தது, தேங்காய் பழத் தட்டு விற்க மாரக்காளுக்கு இடம் கிடைத்தது. வெள்ளிக்கிழமைகளில் சரிதா அங்கே நின்று வருகிறவர்களுக்குக் குங்குமம் கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. கன்னம் வீங்கிய வெள்ளிக்கிழமைகளில் மஞ்சளைக் கொஞ்சம் கூடப் பூசிக்கொண்டு வந்தாள். முகத்தில் அம்மன் களை வந்துவிட்டது என்று சொன்னார்கள். இதை எழுதும்போதே எனக்கு வயிறு எரிகிறது, ஆனால் சொன்னார்கள்.

2022 சித்திரையில் தடுக்கப் போன ஐந்து வயது மகள் ரஞ்சிதாவின் உதடு கிழிந்தது. அன்றைக்குச் சரிதா அம்மா வீட்டுப் பக்கம் போகவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு செருப்பில்லாமல் சேலம் பஸ் ஏறினாள். உதட்டுக்குத் தையல் போட்ட ஆஸ்பத்திரியில்தான் ஜெபமலரைப் பார்த்தாள். ஓய்வுபெற்ற நர்ஸ், கோர்ட்டுக்குப் போகும் பெண்களுக்குத் துணையாகப் போவதைப் பூசைக்குப் போவது போல நாள் தவறாமல் செய்துவந்தவர். அம்மாப்பேட்டையில் வாடகைக்கு ஓர் அறையும் ஜவுளிக்கடையில் வேலையும் அவர்தான் பார்த்துக் கொடுத்தார்.

மனைவியைத் தன்னோடு சேர்த்துவைக்கச் சொல்லி தனசேகர் நாமக்கல்லில் வழக்குப் போட்டான். விவாகரத்தும் மகளும் வேண்டுமென்று சரிதா பதில் வழக்குப் போட்டாள். சட்டத்தை வக்கீல் பார்த்துக்கொண்டார், மற்றதை ஜெபமலர் பார்த்துக்கொண்டார். எப்பவும் அடிப்பாருங்க என்று சரிதா சொன்னால், அது எடுபடாது, எந்த நாள் என்று சொல்லு என்பார். ஆடிப் பதினெட்டுக்கு மறுநாள், ரஞ்சிதாவுக்கு அம்மை இறங்கிய அன்று என்று ஒவ்வொன்றாகக் கேட்டு நோட்டில் எழுதிவைத்தார். கோர்ட் பெஞ்சில் அவளுக்கும் தனசேகருக்கும் நடுவில் உட்கார்ந்து, அவன் முறைப்பதையெல்லாம் தன் முதுகில் வாங்கிக்கொண்டார். சேலத்திலிருந்து நாமக்கல் போகும் பஸ் கருங்காட்டூர் வழியாகத்தான் போகும். சூடங்கள் தெரிந்ததும் பஸ்ஸே எழுந்து கும்பிடும். அப்போதெல்லாம் ஜன்னலோரம் ஜெபமலர் உட்கார்ந்திருப்பார், சரிதா மடியைப் பார்த்துக்கொண்டு வருவாள்.

சாட்சிதான் கிடைக்கவில்லை. அவள் அலறியதைக் கேட்காத வீடு அந்தத் தெருவில் இல்லை. ஆனால் அடித்தான் என்று யாராவது சொன்னால் சூடத்தின் பேர் கெட்டுவிடும், சூடத்தின் பேர் கெட்டால் ஊரின் பேர் கெட்டுவிடும். சாட்சி இல்லாவிட்டால் திரும்பவும் அந்த வீட்டுக்குத்தான் போகவேண்டியிருக்குமோ, பிள்ளையும் கூட வரவேண்டுமோ என்று சரிதாவுக்குச் சோறு இறங்கவில்லை. இதில் தனசேகர் தரப்புச் சாட்சியாக மாரக்காளையே கூட்டிவந்தார்கள். பட்டுச்சேலை கட்டி, அருணகிரியின் காரில் வந்து இறங்கினாள். தாழ்வாரத்தில் பேத்தியைப் பார்த்து, வா சாமி என்று கை நீட்டினாள். ரஞ்சிதா ஜெபமலரின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். அவள் உதட்டுத் தழும்பை மாரக்காள் அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தாள். ஜெபமலர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். மாரக்காள் குடிக்கவில்லை.

கூண்டில் ஏறியதும், நான்கு சூடமும் இன்றுவரை அணையவில்லை, உண்மைதானே என்று தனசேகரின் வக்கீல் கேட்டார். உண்மைதானுங்க என்றாள். ஆத்தா அருள்தானே என்று கேட்டார். மாரக்காள் அவரை விட்டுவிட்டு நீதிபதியைப் பார்த்தாள்.

"சூடம் அணைஞ்சாத்தான் சாமி சத்தியம். அணையலீன்னா ஆத்தா அதை ஏத்துக்கலீன்னு அர்த்தம். எங்கூர்ல இது சின்னப் புள்ளைக்கும் தெரியுமுங்க. எனக்கு மொத நாளே தெரியும். தெரிஞ்சேதான் நாலு தடவையும் எம்புள்ளைய நானே திருப்பியனுப்புனேன்."

தனசேகரின் மனு தள்ளுபடியானது. விவாகரத்தும் கிடைத்தது, ரஞ்சிதா அம்மாவோடு இருக்கலாம் என்றும் தீர்ப்பானது. சூடங்களைப் பற்றித் தீர்ப்பில் ஒரு வரியும் இல்லை. மாரக்காளின் தட்டுக்கடையை ஊர் எடுத்துவிட்டது. அவள் அம்மாப்பேட்டைக்கு மூன்று தடவை போய்ப் பார்த்தாள். சரிதா காப்பி கொடுத்தாள், தங்கச் சொல்லவில்லை.

கருங்காட்டூர்க்காரர்கள் ஆறு மாதம் வெட்கப்பட்டார்கள், பிறகு சுதாரித்துக்கொண்டார்கள். இப்போது அந்தச் சுற்றுவட்டாரத்தில் கல்யாணம் பேசி முடிப்பதற்கு முன் பெண் வீட்டார் மாப்பிள்ளையை அங்கே கூட்டிவந்து, பெண் மேல் கை ஓங்க மாட்டேன் என்று ஒரு சூடம் அடிக்கச் சொல்கிறார்கள். பெரும்பாலும் ஒரே அடியில் அணைந்துவிடுகிறது, ஜாதகத்தைப் பிரிக்கிறார்கள். போன தை மாதம் இரண்டு அணையவில்லை. பெண் வீட்டார் மரியாதையாகக் கும்பிடு போட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் கிளம்பிவிட்டார்கள். தகரக் கொட்டகையை இன்னும் நான்கடி நீட்டியிருக்கிறார்கள்.