கன்னத்தில் விழுந்த வெயில்

என் வாய் இருக்கிறதே, அதைத் தைத்து வைத்தால்தான் நான் உருப்படுவேன்.

காலை ஏழு மணிக்குக் காட்டுக்கு வரச்சொல்லிவிட்டு, பதினொன்றரைக்குப் போய் நின்றவன் நான். கேமரா பேட்டரியை சார்ஜில் போட மறந்துவிட்டேன். அதற்குள் சுள்ளென்று உச்சி வெயில். அடர்ந்த காட்டில் அந்த நேரத்தில் முகத்தைப் படம் எடுப்பது பெரிய தலைவலி. இலைச் சந்துகளில் வெயில் இறங்கி மூக்கில் ஒன்று, நெற்றியில் ஒன்று என்று புள்ளி போட்டுவிடும். படத்தில் அந்த இடம் வெளுத்துப்போகும்.

வந்திருந்தது ஒரு கணவன், மனைவி. "ஆறு வருஷமா இவ போட்டோவுக்கே நின்னதில்லைங்க. கெஞ்சிக் கூத்தாடி சம்மதிக்க வச்சிருக்கேன். ஒரே ஒரு படம் நல்லா வந்தா போதும்" என்று அவர் போனிலேயே சொல்லியிருந்தார். ஏன் என்று கேட்கிற பழக்கம் எனக்கு ஏது?

அந்த அம்மா மரத்தடியில் நின்று, முகத்தைச் சுற்றியிருந்த துணியை எடுத்தார். லேசாகச் சிரித்தார். உதவிக்கு வந்திருந்த என் தங்கச்சி வெள்ளைத் திரையைத் தூக்கிப் பிடித்து வெயிலை மறைத்தாள். ஒரு படம் எடுத்தேன்.

"மேடம், வலது கன்னத்துல வெயில் விழுது. கொஞ்சம் இப்படி வாங்க."

வந்தார்.

"இன்னும் விழுது. ரெண்டடி உள்ள போங்க."

போனார். தங்கச்சி எனக்குக் கண்ஜாடை காட்டினாள்.

"என்ன கண்ணை உருட்டுற? திரையை ஒழுங்காப் பிடி! கன்னத்துல வெள்ளையாத் தெரியுதே, உனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?"

கணவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "சார், நீங்க சும்மா இருங்க, என் வேலையை நான் பாத்துக்கறேன்" என்று அவரையும் அடக்கினேன்.

அந்த அம்மா நான் சொல்லச் சொல்ல நகர்ந்து, கடைசியில் வெயிலே எட்டிப் பார்க்காத புதர் இருட்டுக்குள் போய் நின்றார். சிரிப்பு எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை. அங்கேயும் ஒன்று எடுத்தேன். படம் ஒரே கறுப்பு. எரிச்சலோடு கிட்டே போய் முகத்தைப் பார்த்தேன். அந்த வெள்ளை அங்கேயும் அப்படியே இருந்தது.

"அது வெயில் இல்லைங்க. தோலே அப்படித்தான்" என்றார் அந்த அம்மா.

ஐயோ, அப்போதாவது வாயை மூடியிருக்கலாம். "பரவால்ல மேடம், கம்ப்யூட்டர்ல எடுத்துடலாம். இருந்த இடமே தெரியாது" என்றேன்.

"அண்ணா, போதும்" என்றாள் தங்கச்சி.

எனக்குக் கூசிப்போனது. "மன்னிச்சுடுங்க மேடம். மறுபடியும் மரத்தடியிலயே நில்லுங்க. எப்படி இருக்கீங்களோ அப்படியே எடுக்கறேன்."

"வேணாங்க. எடுத்ததைக் காட்டுங்க."

கேமராவைக் கொடுத்தேன். ஒவ்வொன்றாகத் தள்ளினார். முதலில் எடுத்த சிரித்த முகம் வந்தது. வெயில் சொட்டுக்கூட விழாத, அருமையான படம். "இது நல்லா இருக்கும்மா" என்றார் கணவர். அந்த அம்மா அதில் நிற்கவில்லை. கடைசிப் படத்தில் போய் நின்றார்.

"இதையே கொடுத்துடுங்க."

"இதுல உங்க முகமே தெரியலையே மேடம்."

"ஆமாங்க. இதுலதான் நல்லா இருக்கேன்" என்று துணியை எடுத்து மறுபடி முகத்தைச் சுற்றிக்கொண்டார்.