மதிலுக்கு அந்தப் பக்கம் பூக்கும் மரம்

சலூன்காரர் வீட்டுத் தோட்டத்து மக்னோலியா மரம், மதிலைத் தாண்டிய கிளைகளில் மட்டும் ஆண்டுதோறும் பூத்துக் குலுங்கும். இந்தப் பக்கம் பேருக்குக்கூட ஒரு பூ கிடையாது. ஒரே வேர், ஒரே தண்ணீர், பிறகு ஏன் இந்த ஓரவஞ்சனை என்று அவர் மனைவிக்கு மண்டை குடைந்தது.

“புல்லைக்கூட வெட்டாத சோம்பேறி அந்தப் பக்கத்து வீட்டுக்காரன். ஆனா திருட்டுத்தனமா ஏதோ உரம் போடறான்,” என்பார் சலூன்காரர்.

ஆண்டுதோறும் போல இந்த முறையும் குளிர் முடிவதற்குள் தன் பக்கத்துக் கிளைகளைக் கழித்துவிட ஏணி போட்டு ஏறினார். நுனிகளில் பூனைமுடி படர்ந்த குமிழ்கள் தடித்து நின்றன. முடியைக் கண்டால் அவர் கை சும்மா இருக்குமா? கைக்கு எட்டியதை எல்லாம் நறுக்கித் தள்ளினார்.

காலடியில் விழுந்த குமிழ் ஒன்றை மனைவி எடுத்து, உள்ளே என்னதான் இருக்கிறதென்று நகத்தால் உரித்துப் பார்த்தாள். ரோமத் தோலுக்குள் இளஞ்சிவப்பு இதழ்கள் மடங்கிப் படுத்திருந்தன.

“என்னங்க, இறங்கி வாங்க. பக்கத்து வீட்டுக்காரர் போடற உரம் என்னன்னு கண்டுபிடிச்சிட்டேன்.”

குதிக்காத குறையாக இறங்கி வந்தார். “என்ன உரம்? சீக்கிரம் சொல்லு!”

உரித்த மொட்டை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

“சோம்பேறித்தனம்.”