புதன்கிழமை மாயாண்டி

வடிவம்மாவின் புருசன் மாயாண்டி செத்து இரண்டு வருசம் கழித்துத்தான் அவன் உயிரோடு இருக்கிற விசயம் அவளுக்குத் தெரியவந்தது. அதுவும் அரசாங்கக் கடிதத்தில், முத்திரை குத்தி, கையெழுத்தோடு.

எழுபத்தேழுக் கலவரத்தில் தேயிலைத் தோட்டத்தை விட்டு விசுவமடுவுக்கு வந்து, காடு வெட்டி மிளகாய் நட்டவர்கள் அவர்கள். தொண்ணூற்றாறில் அங்கிருந்தும் ஓடி, வவுனியாவுக்கு வெளியே நாவல்மோட்டை அகதிமுகாமில் நாற்பத்துமூன்றாம் கொட்டிலுக்கு வந்து சேர்ந்தார்கள். தொண்ணூற்றெட்டில் மாயாண்டிக்கு மலேரியா கண்டது. முகாமை விட்டு ஆஸ்பத்திரிக்குப் போகப் பாஸ் எடுக்க வேண்டும். பாஸ் வருவதற்குள் அவன் செத்துப்போனான். முகாமுக்குப் பின்னால் புதைத்தார்கள். நிவாரணம் கொடுக்கும் கூட்டுறவுச் சங்கத்துக்கு வடிவம்மாவே போய்ச் சொன்னாள். அடுத்த தவணையிலிருந்து அவளுக்கு ஒரு ஆளுடைய மாவும் பருப்பும்தான் கிடைத்தன. சங்கம் அந்த விசயத்தில் வெகு சுறுசுறுப்பு.

இரண்டாயிரமாம் ஆண்டில் விதவைகளுக்கு இரண்டிரண்டு ஆடு கொடுக்கும் திட்டம் ஒன்று வந்தது. வடிவம்மாவும் விண்ணப்பம் போட்டாள். அதற்கு வந்த பதில்தான் அந்தக் கடிதம். ‘மேற்படி மாயாண்டி என்பவர் நிவாரணப் பதிவின்படி உயிருடன் இருப்பதால் தங்களை விதவையாகக் கருத முடியாது.’

கடிதம் அனுப்பிய அரசாங்கக் கந்தோரில் இருந்த கிளாக்கர் பொறுமையாகத்தான் விளக்கினார்.

“அம்மா, உங்கட அவர் போன புதன்கிழமையும் கைநாட்டு வச்சு மா எடுத்திருக்கிறார். செத்த ஆள் கைநாட்டு வைப்பாரே?”

“நானே பொதைச்சேங்க.”

“அதுக்கு என்ன அத்தாட்சி?”

“தோண்டிக் காட்டவாங்க?”

“அதுக்கு வேற கந்தோர்” என்றார் கிளாக்கர்.

வடிவம்மா சங்கத்துக்குப் போனாள். தலைவர் கனகலிங்கம் அரிசி மில் முதலாளி. வருகிற பாராளுமன்றத் தேர்தலில் வேட்பாளர். ‘ஏழைகளின் பசி அறிந்தவர்’ என்று மதில்களில் எல்லாம் அவருடைய படம் ஒட்டியிருந்தது.

“பதிவிலை இருந்து ஒரு பேரை வெட்டுறதெண்டால் கொழும்பாலை உத்தரவு வரவேணும், வடிவம்மா” என்றார் அவர்.

“அவரு பங்க வெட்டறப்போ கொழும்பக் கேக்கலையேங்க.”

“நீ இப்ப அரசியல் கதைக்கிறாய்” என்று சொல்லிவிட்டுக் கனகலிங்கம் எழுந்து உள்ளே போனார்.

நீதிமன்ற வாசலில் மரத்தின்கீழ் தட்டச்சு மெசினோடு வீரகத்தி இருந்தார். முப்பது வருசம் சட்டத்தரணி ஒருவரிடம் கிளாக்கராக இருந்தவர். இப்போது மனு எழுதிக் கொடுக்கிறார். கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார்.

“அக்கா, உங்கட மனுசன் உயிரோடை இருக்கிறாரெண்டு அரசாங்கமே எழுதித் தந்திருக்கு. அப்பிடி இருக்கிற மனுசன் பெண்சாதியைப் பாக்காமல் விடேலாது. தாபரிப்பு வழக்குப் போடுவம்.”

“செத்தவரு மேலயா? என்னையப் பொய் சொல்லச் சொல்றீங்களா?”

“பொய் வேண்டாம். நீங்கள் புதைச்சனீங்கள் எண்டும் எழுதுவம். அவையள் உயிரோடை எண்டு சொல்லினம் எண்டும் எழுதுவம். எது சரியெண்டு கோட்டிலை நீதவான் சொல்லட்டும்.”

வடிவம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. இருபத்தாறு வருசம் கூட வாழ்ந்தவனைக் கோட்டுக்கு இழுக்கிறோமே என்றிருந்தது. கடைசியில், “என்னைய ஒரு நாளும் பட்டினி போட்டவரு இல்லைன்னு ஒரு வரி சேத்துக்குங்க” என்றாள்.

“அதைப் போட்டால் வழக்கு நிக்காது, அக்கா.”

“நிக்காட்டிப் போவுது. போடுங்க.”

வீரகத்தி அந்த வரியையும் அடித்தார். நீதவான் அந்த மனுவை மூன்று தரம் வாசித்தாராம். பிறகு மாயாண்டிக்கு அழைப்பாணை அனுப்பச் சொன்னார்.

அழைப்பாணையோடு கொட்டிலுக்கு வந்த நீதிமன்ற உத்தியோகத்தர் ராஜரத்தினம், சொன்னதைச் செய்கிற மனுசன்.

“மாயாண்டி இருக்கிற இடம் இதுதானோ?”

“ஆமாங்க. ஆனா ஆளு இங்க வர்றதில்லைங்க. புதன்கிழமை சங்கத்துக்கு வர்றாருன்னுதான் கந்தோர்ல சொல்றாங்க.”

புதன்கிழமை ராஜரத்தினம் சங்கத்துக்குப் போய் ஒரு மர வாங்கில் உட்கார்ந்தார். சனமெல்லாம் வாங்கிக்கொண்டு போனபின் மனேஜர் இளையதம்பி கதவைப் பாதி சாத்தினார். வாங்கில் இருந்தவரை மூடை ஏற்ற வந்த லொறிக்காரன் என்று நினைத்துக்கொண்டு, பதிவுக் கொப்பியைப் பார்த்துக் கூப்பிட்டார்.

“மாயாண்டி.”

பின்பக்கமிருந்து மூக்கன் வந்தான். கனகலிங்கத்தின் மில்லில் மூடை தூக்குகிறவன். பழக்கத்தில் விரலை மையில் தோய்த்துக் கைநாட்டு வைத்து, மாவைத் தோளில் ஏற்றினான். ராஜரத்தினம் எழுந்துபோய் அவன் முன்னால் நின்றார்.

“நீர்தான் மாயாண்டியோ?”

மூக்கன் மனேஜரைப் பார்த்தான். மனேஜர் கூரையைப் பார்த்தார். மூடை தோளில் இருந்தது.

“ஆ...மாங்க.”

ராஜரத்தினம் அழைப்பாணையைக் கொடுத்தார். அதைப் பெற்றுக்கொண்டதற்கும் மூக்கன் கைநாட்டு வைத்தான். மை காயவில்லை; வசதியாக இருந்தது.

கதை முகாமெங்கும் பரவியது. மூக்கனுக்கு இன்னொரு பெண்சாதி இருக்கிறாள் என்று கேள்விப்பட்டு அவன் மனைவி புஷ்பம் நாற்பத்துமூன்றாம் கொட்டிலுக்கே வந்துவிட்டாள். வடிவம்மா அவளை இருத்தித் தேத்தண்ணி கொடுத்து விளக்கினாள். வீட்டுக்குத் திரும்பிய புஷ்பம் புருசனிடம், “மூக்கனா இருந்தா சோறு இருக்கு. மாயாண்டின்னா அந்தக் கொட்டிலுக்கே போயிரு” என்றாள்.

மறுநாள் இளையதம்பி ஒரு மூடையோடு வடிவம்மாவிடம் வந்தார்.

“வழக்கை வாபஸ் எடுங்கோ, அக்கா. இனி ஒவ்வொரு தவணையும் ரெண்டு ஆளின்ரை நிவாரணம் தரச்சொல்லித் தலைவர் சொன்னவர்.”

“யாரு பேருலங்க நான் கைநாட்டு வைக்கணும்?”

இளையதம்பி மூடையைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போனார்.

கனகலிங்கம் மூக்கனைக் கூப்பிட்டு, “நான்தான் மாயாண்டியெண்டு சொல்லு. தாபரிப்புக் காசை நான் கட்டுறன், அலுவல் முடிஞ்சுது” என்றார். மூக்கன் தலையாட்டினான். ஆனால் வழக்கு நாளன்று புஷ்பமும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

“நீர் மாயாண்டியா?” என்று நீதவான் கேட்டார்.

“புதன்கிழம மட்டுங்க.”

“மற்ற நாள்களில்?”

“மத்த நாள்ல மூக்கனுங்க. புதன்கிழமையும் முழுக்க மாயாண்டி இல்லைங்க. மாயாண்டி முடிஞ்சதும் கருப்பையா, அப்புறம் செபமாலை. கடைசியா பொன்னம்மா.”

“பொன்னம்மா?”

“அவுகளும் செத்துட்டாங்க. கைநாட்டுல ஆம்பள பொம்பள தெரியாதுன்னு மனேஜர் சொன்னாருங்க.”

“எத்தனை பேராக இருக்கிறீர்?”

“முப்பத்தொரு பேருங்க. எல்லாரு மாவும் மொதலாளி மில்லுக்குத்தான் போவுது.” மூக்கன் விரலை உயர்த்திக் காட்டினான். “இந்த நீலம் போறதே இல்லைங்க.”

நீதவான் வடிவம்மாவைப் பார்த்தார். “இவர் உங்களுடைய கணவரா?”

“இல்லைங்க. எங்க வீட்டுக்காரரு அடுத்தவுக சோத்துல கை வைக்கமாட்டாரு.” சொல்லிவிட்டு அவள் அழுதாள். அன்றுவரை அவள் யார் முன்னாலும் அழவில்லை.

தாபரிப்பு வழக்கு அன்றே தள்ளுபடியாகிப் பொலிஸ் விசாரணை தொடங்கியது. மில்லுக்குப் பின்னால் இருந்த அறையில், செத்துப்போன முப்பத்தொரு பேரும் சாப்பிடாமல் மிச்சம் வைத்த மாமூடைகள் அடுக்கி இருந்தன. கனகலிங்கத்தைக் கைதுசெய்யப் போனபோது அவருக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடியே பத்திரிகைக்காரரிடம், “இது எதிராளியளின்ரை சதி. செத்தவையின்ரை பேரைக்கூட அழிக்க மனமில்லாமல் வச்சிருந்தனான்” என்றார். அவருக்குப் பாஸ் இல்லாமலே ஆஸ்பத்திரி கிடைத்ததை முகாமில் யாரும் கவனிக்காமல் விடவில்லை.

தேர்தலில் அவர் தோற்றார். வழக்கு எட்டுத் தவணை போனது. இரண்டு தரம் சட்டத்தரணிக்குச் சுகமில்லை, ஒருதரம் வழக்குக் கோவை காணாமல்போய் வந்தது. ஒவ்வொரு தவணைக்கும் வடிவம்மா போனாள். மூக்கன் சாட்சி சொன்னான். இரண்டாயிரத்தொன்று ஆவணியில் கனகலிங்கத்துக்கு இரண்டு வருசமும் இளையதம்பிக்கு ஒரு வருசமும் சிறைத்தண்டனை விழுந்தது. தீர்ப்புச் சொன்னபோது கனகலிங்கத்துக்கு மறுபடியும் நெஞ்சு வலித்தது. இந்த முறை சிறைச்சாலை வைத்தியர் பார்த்து, ஒன்றுமில்லை என்று எழுதிவிட்டார்.

ஆடு கொடுக்கும் திட்டம் அதற்குள் முடிந்துபோயிருந்தது.

தீர்ப்புக்கு அடுத்த வாரம் வடிவம்மா மரணப் பதிவாளரிடம் போனாள். அந்த முப்பத்தொரு பேரின் குடும்பமெல்லாம் அன்று அங்கே வரிசையில் நின்றது. பதிவாளர் கோவையைப் புரட்டினார்.

“இரண்டாயிரமாம் ஆண்டு ஆனி மாசம் வரைக்கும் கைநாட்டு இருக்கு, அம்மா. அதுக்குப் பிறகு ஒரு திகதியைப் போடுவம். பதிவிலை குழப்பம் வராது.”

“அவரு தொண்ணூத்தெட்டு சித்திரை ஒம்பதாந் தேதி செத்தாருங்க.”

“ரெண்டு வருசம்தானே, அம்மா. சான்றிதழ் சான்றிதழ்தான்.”

“அந்த ரெண்டு வருசமும் களவா மா வாங்கினவரு மூக்கன். அத எங்க வீட்டுக்காரரு தலையில கட்டாதீங்க.”

பதிவாளர் பேனையை வைத்தார். வடிவம்மா நகரவில்லை. வரிசையும் நகரவில்லை. கொஞ்ச நேரத்துக்குப் பிறகு அவர் மேசையிலிருந்த பழைய கலண்டரை எடுத்துத் தமிழ்த் திகதியை ஆங்கிலத் திகதிக்கு மாற்றி, அவள் சொன்ன நாளையே எழுதினார். வடிவம்மா அதை அவரைக் கொண்டே உரக்க வாசிக்கச் செய்து, சரியென்று கண்டபிறகுதான் கடதாசியை மடித்து எடுத்தாள்.

அவளுக்குப் பின்னால் நின்ற பொன்னம்மாவின் மகள் மேசைக்கு முன்னே வந்தாள்.