கரி கிடந்த இடம்

அழகுமலை பொய் சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு எரியாது. அந்தக் கல்லைச் சாமி என்று அவன் நிஜமாகவே நம்பித் தொலைத்தான்.

சிலமலைப் பக்கம் ஆற்றுக்கு வடகரையில் அவன் நிலம், தென்கரையில் எங்கள் நிலம். நடுவில் ஓடிய ஆறுதான் எல்லை. என் வீட்டுக்காரர் காசிமாயனின் தங்கை பொன்னுமணியைக் கட்டியவன் அவன். வாய் நிறைய அண்ணே என்று கூப்பிட்டுச் சோறு போட்டிருக்கிறேன். போட்ட இந்தக் கையை இப்போது வெட்டி எறியலாம் போலிருக்கிறது.

எழுபத்தேழு ஐப்பசியில் மலையிலிருந்து இறங்கிய வெள்ளம் ஆற்றையே தெற்கே தள்ளிவிட்டது. தண்ணீர் வடிந்ததும் பார்த்தால், எங்கள் வயல் அக்கரையில் அவன் நிலத்தோடு ஒட்டிக் கிடக்கிறது. புதுக் கரையோரம் சேற்றில் ஒரு கல் செங்குத்தாக நின்றது. கருப்பசாமியே வந்து எல்லை காட்டிவிட்டார் என்றான் அழகுமலை. கல்லுக்கு மஞ்சள் பூசிக் கிடா வெட்டினான். அதற்கு வடக்கே உள்ளதெல்லாம் தன்னுடையது என்று ஏரும் பூட்டிவிட்டான். ஊரும் கன்னத்தில் போட்டுக்கொண்டது. எங்களுக்கு இருந்ததே அந்த ஒரு வயல்தான். உழப் போன என் வீட்டுக்காரரை மண்வெட்டிக் காம்பால் வாயிலேயே அடித்து, பல்லை உடைத்து அனுப்பினான்.

மனுக் கொடுத்து அலைந்து, சித்திரையில்தான் சர்வேயர் கமருதீன் வந்தார். கம்பத்துக்காரர். மஞ்சளை நகத்தால் சுரண்டிப் பார்த்து, இது சர்வே கல், வெள்ளம் உருட்டிக்கொண்டு வந்திருக்கிறது என்றார். ஊர் முறைத்தது. மனிதர் அசரவில்லை. ஆறு படுக்கை மாற்றும் என்று தெரிந்துதான் வெள்ளைக்காரன் காலத்துச் சர்வேயர்கள் எல்லைக் கல்லுக்கு அடியில் ஆழமாகக் கரியைக் கொட்டிப் புதைத்தார்களாம். கல்லை வெள்ளம் தூக்கினாலும் கரி மக்காமல் அங்கேயே கிடக்குமாம். வெள்ளம் தொடாத மலையடிக் கல்லிலிருந்து சங்கிலி பிடித்து அளந்து வந்தவர், வறண்டு கிடந்த பழைய ஆற்றின் தென்கரையில் ஓர் இடத்தைத் தோண்டச் சொன்னார்.

என் வீட்டுக்காரர்தான் தோண்டினார். இடுப்பளவு ஆழம் போனதும் மண் கறுப்பாக வந்தது. ஒரு கைப்பிடிக் கரியை அள்ளித் தூக்கிக் காட்டி, என்னைப் பார்த்து உடைந்த பல் தெரியச் சிரித்தார்.

“ஏ ஜக்கம்மா, நம்ம மண்ணு கெடச்சுருச்சுடி.”

அவர் பேசிய கடைசிப் பேச்சு அது.

“சாமியவிடக் கரி பெருசாடா?” என்று கேட்டுக்கொண்டே கூட்டத்தில் நின்ற அழகுமலை பாய்ந்து வந்து அரிவாளை இறக்கினான். முதல் வெட்டு கரி பிடித்த கையில் விழுந்தது. இரண்டாவது கழுத்தில். தடுக்கப் போன கமருதீனுக்குத் தோள் பிளந்தது. நான் குழிக்குள் குதித்து என் வீட்டுக்காரரை மடியில் தாங்கும்போதே கண் நிலைகுத்திவிட்டது. ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்பில் கமருதீனைப் போடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அழகுமலையை மரத்தில் கட்டிப்போட்டார்கள். அப்போதும் அவன் அந்தக் கல்லைப் பார்த்துத்தான் கும்பிட்டுக்கொண்டிருந்தான், பாவி.

தோள் ஆறி, ஆடியில் கமருதீன் திரும்ப வந்தார். கல்லைப் பிடுங்கி வந்து கரி இருக்கும் இடத்தில் நடச் சொன்னார். ஒருத்தனும் கிட்டப் போகவில்லை. சாமி கண்ணைக் குத்தும் என்றார்கள்.

“எம் புருசன வெட்டுறப்போ எங்க போச்சு அந்தச் சாமி? குத்தட்டும், பாப்போம்.”

நானே பிடுங்கினேன். பிள்ளையைத் தூக்குகிற மாதிரி மாரோடு அணைத்துத் தூக்கி வந்து, என் வீட்டுக்காரர் விழுந்த குழியிலேயே நட்டேன். வயல் எங்களுடையது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார் கமருதீன்.

அழகுமலை மதுரை ஜெயிலில் கிடக்கிறான். பொன்னுமணி அமாவாசை தவறாமல் வந்து அந்தக் கல்லுக்குச் சூடம் கொளுத்துகிறாள். செத்தவர் அவளுக்கு அண்ணன், கொன்றவன் புருஷன். அவளை நான் என்ன சொல்லி விரட்டுவது? போன அமாவாசையில் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

“மதினி, சாமி அந்த மனுசன மன்னிச்சுருமா?”

“அது கல்லுடி. அதுக்கு மன்னிக்கத் தெரியாது. எனக்கும் தெரியாது” என்று சொல்லிவிட்டு மடை திறக்கப் போனேன்.