மீட்டர்காரரின் பெஞ்சு

குளிர்பெட்டியின் ஒயர் மறுபடி காலில் தடுக்கியது. அதைத் தாண்டி சமையலறைக்குப் போனாள், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்பி வந்தாள், மறுபடியும் தடுக்கியது.

“அம்மா, ஒரு இடத்துல உட்காரேன். பாக்கிற எங்களுக்குத் தலை சுத்துது,” என்றாள் மகள்.

உட்கார்ந்தாள். பெட்டிக்குள் கணவர் கிடந்தார். காலையில் சவரம் செய்துகொண்டிருந்தவர் கண்ணாடி முன்னாலேயே சரிந்துவிட்டார். மாரடைப்பு. ஒரு கன்னம் மழமழவென்றும் மறு கன்னம் வெள்ளை முள்ளாகவும் இருந்தது. மகன் விமானத்தில் வந்துகொண்டிருந்தான். நாளைக் காலை எடுப்பதாகப் பேச்சு.

வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரில் ரீடிங் எடுப்பது அவர் பார்த்த வேலை. ஓய்வு பெற்ற பிறகும் தெருவுக்கு அவர் ‘மீட்டர்’தான்.

அவளுக்கு மார்பில் புற்றுநோய் வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. ஒரு பக்கத்தை எடுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள், முடி கொட்டி மறுபடி முளைத்தது. எல்லாம் முடிந்து டாக்டரம்மா சொன்னது சப்பென்றிருந்தது. தினமும் நடங்க, எடை ஏறாம பாத்துக்குங்க, காய்கறி நிறைய சாப்பிடுங்க. திரும்ப வராதுன்னு சத்தியம் பண்ண முடியாது, நம்ம கையில இருக்கிறதை நாம செய்வோம்.

அவர் அதையே சட்டமாக்கிவிட்டார். மழையோ வெயிலோ, சாயங்காலம் ஐந்தானால் ஷூவைக் கொண்டுவந்து அவள் காலடியில் வைப்பார். பூங்கா வரை கூடவே வருவார். வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார்.

“நீங்களும் நடக்கலாம்ல?”

“சர்வீஸ் பூரா தெருத்தெருவா நடந்தாச்சு. என் கோட்டா முடிஞ்சுது. நீ நட, நான் ரீடிங் எடுக்கிறேன்.”

ஒவ்வொரு சுற்றுக்கும் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக் காட்டி, “ரீடிங் மூணு!” என்று பூங்காவே திரும்பிப் பார்க்கக் கத்துவார். அவள் மானம் போகும். வீட்டில் அவள் தொடாத இனிப்பெல்லாம் அவர் தட்டுக்குப் போகும். “உன் பங்கு வீணாகக் கூடாதுல்ல.” வருடம் தவறாமல் அவளைப் பரிசோதனைக்கு அழைத்துப்போனவர், ஒருநாள்கூடத் தன் கையை நீட்டி ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டதில்லை. இந்த வீட்டுக்கு ஒரு நோயாளி போதும் என்று இருவரும் நினைத்துவிட்டார்கள். தான் போய்விட்டால் மனிதர் தவிப்பாரே என்று அவருக்குச் சோறு வடிக்கவும் சட்டை தேய்க்கவும் கற்றுக்கொடுத்திருந்தாள். ஒத்திகை பார்த்ததெல்லாம் தப்பான சாவுக்கு.

நாத்தனார் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். “உன்னை நினைச்சுல்ல எல்லாரும் பயந்துக்கிட்டிருந்தோம். என் தம்பி முந்திக்கிட்டானே!”

கெட்ட எண்ணமில்லை. துக்கம் வாய்க்கு வந்ததைப் பேசும்.

“ஆமா அண்ணி. நானும் என்னையத்தான் நினைச்சிட்டிருந்தேன்.”

ஐந்து மணி ஆனது. யாரும் ஷூவைக் கொண்டுவந்து வைக்கவில்லை. கால்கள் சும்மா இருக்கவில்லை. எழுந்து கதவுக்குப் பின்னால் பார்த்தாள், அலமாரிக்கு அடியில் பார்த்தாள். கடைசியில் அது நாத்தனாரின் நாற்காலிக்கடியில் இருந்தது.

“அண்ணி, காலைக் கொஞ்சம் தூக்குங்க.”

“எங்க கிளம்பிட்டே?”

“நடக்க.”

பெட்டியின் மோட்டார் மட்டும் இரைந்தது.

“இன்னைக்கா? ஊரே சிரிக்கும்டி.”

“சிரிக்கட்டும். இன்னைக்கு விட்டா நாளைக்கும் விட்டுருவேன். அப்புறம் எந்திரிக்கவே மாட்டேன். என்னைப் பத்தி எனக்குத் தெரியும்.”

பழக்கதோஷத்தில் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள்.

பூங்காவில் பெஞ்சு காலியாக இருந்தது. பாட்டிலை அதன்மேல் வைத்துவிட்டு நடந்தாள். முதல் சுற்று முடிந்து அதைத் தாண்டும்போது காது தானாகக் கூர்மையானது. யாரும் கத்தவில்லை. வேகமாக நடந்தாள். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. பெற்ற தகப்பன் மாதிரி என்னை விரட்டினாயே, நீ எழுந்து ஒரு சுற்று வந்திருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும்? “பாவி மனுஷா,” என்று வாய்விட்டே சொன்னாள். எதிரே வந்தவர் ஒதுங்கிப் போனார்.

மகள் மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். வீட்டிலிருந்து இங்கே வருவதற்குள் அவளுக்கு முகமெல்லாம் வியர்த்திருந்தது.

“அத்தை ஒரே கத்தல். வாம்மா போகலாம்.” சொல்லிக்கொண்டே தொப்பென்று பெஞ்சில் உட்கார்ந்தாள்.

“அங்க உட்காராதே.”

“ரெண்டு நிமிஷம்மா. காலையிலேர்ந்து நின்னுக்கிட்டே இருக்கேன்.”

“எந்திரின்னு சொல்றேன்ல!”

அம்மாவின் குரல் இப்படி உடைந்து மகள் கேட்டதில்லை. எழுந்தாள். அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு அம்மா நடந்தாள். பிடி இறுகிக்கொண்டே இருந்தது.

“இது எத்தனாவது சுத்தும்மா?”

“எனக்கெப்படித் தெரியும்? அதெல்லாம் அவர்தான் பாப்பாரு.”

பெஞ்சில் பாட்டில் மட்டும் இருந்தது. இருவரும் அதைத் தாண்டி நடந்தார்கள்.