பதினொரு சாய முட்டைகள்

அம்பிட்டியவில், மேட்டு ஒழுங்கையின் கடைசி வளைவில் இருக்கும் ருக்கியா வீட்டுக் கோழிகளின் முட்டையை அவித்தால் தண்ணீர் பால் விடாத பிளேன்டீ ஆகிவிடும். ஆறு நிமிடம் போதும்; பத்து நிமிடம் விட்டால் கசக்கும். ஒரு முட்டைக்கு இரண்டு கோப்பை. சீனியைப் பிறகுதான் போட வேண்டும், அடுப்பில் இருக்கும்போதே போட்டால் ஓடு பிசுபிசுத்துப் போகும். ஆரம்பத்தில் கம்பளையிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து குடித்துப் பார்த்துவிட்டு, தூள் கொஞ்சம் மட்டம் என்று சொல்லிப் போனார்கள். உண்மைதான், தூள் மட்டம். அதற்குக் காரணம் மூன்று வீடு மேலே இருக்கும் பிரேமிளா.

பிரேமிளா புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். கண்டி டவுனில் ஹாட்வெயார் கடையில் நிற்கும் திவாகரனைக் கட்டிக்கொண்டு இங்கே வந்து, பின்முற்றத்தில் ஆறு பேடும் ஒரு சேவலும் வளர்த்தாள். கோழி வளர்ப்பது லேசுப்பட்ட காரியமில்லை. கீரிக்குக் கம்பி வலை, குரங்குக்குக் கவண், மழைக்குத் தகரம், பக்கத்து வீட்டுப் படியில் எச்சம் விழுந்தால் அதற்கொரு மன்னிப்பு. ஆனால் ஒரு பேடு கொக்கரித்து முடித்ததும் கூட்டுக்குள் கையை விட்டு, இளஞ்சூட்டோடு முட்டையை எடுக்கும் அந்த நேரத்துக்கு அவள் எதையும் பொறுத்துக்கொள்வாள். இன்னொன்றும் இருந்தது. தோட்டத்தில் பெயரேட்டில் ஒரு இலக்கமாக இருந்தவளை இந்த ஒழுங்கை வீடு தேடி வந்து, 'உங்க முட்டைதான் வேணும்' என்று கேட்டது. பிள்ளை பெற்றவளுக்கும் காய்ச்சல்காரருக்கும் பிரேமிளாவின் ஊர்க்கோழி முட்டை என்றாகிவிட்டது. அந்தப் பெருமையில் அவள் கொஞ்சம் நிமிர்ந்தே நடந்தாள்.

ஐப்பசி மழையில் கோழிகள் இறகு உதிர்த்தன, முட்டையை நிறுத்தின. எல்லாக் கோழியும் செய்கிற வேலைதான். 'இப்ப இல்லைங்க' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தைதான் அவள் வாயில் வரவில்லை. டவுனில் பண்ணை முட்டை வாங்கினாள், பால் வெள்ளை. அண்ணன் தோட்டத்துத் தொழிற்சாலையிலிருந்து அனுப்பும், தரையில் கூட்டி அள்ளிய மட்டமான கூட்டுத்தூளைக் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, முட்டைகளை அதில் ஊறப்போட்டாள். இரண்டு மணித்தியாலத்தில் அச்சு அசல் ஊர்க்கோழி முட்டை நிறம். நம்பிக்கைக்கு ஒன்றிரண்டில் சின்ன இறகையும் ஒட்டினாள், இறகுக்கா பஞ்சம்? தேயிலையில் பிறந்தவளுக்குத் தேயிலை கைகொடுத்தது என்று நினைத்து முதல் நாள் சிரித்துக்கொண்டாள். இரண்டாம் நாளிலிருந்து சிரிப்பு வரவில்லை.

அப்போதுதான் ருக்கியா வந்தாள். அவள் மகள் ஜஹானா ஏழாம் மாதத்தில் குழந்தையை இழந்து தாய் வீட்டுக்கு வந்து நான்கு மாதமாகியிருந்தது. வாசலைத் தாண்டவில்லை, யாரோடும் பேசவில்லை. வீட்டில் இருந்த ஒரே கோழி வெறும் கல்லின்மேல் அடைகிடந்தது, அதன் பக்கத்தில் அவளும் உட்கார்ந்திருந்தாள்.

"பதினொரு முட்டை தாங்க தங்கச்சி, அடைவைக்க," என்றாள் ருக்கியா. "குஞ்சு வந்தா புள்ளட மனசும் கொஞ்சம் தேறும்."

மேசையில் கூடை நிறையச் சாய முட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. ருக்கியாவின் கண் அதில்தான் இருந்தது. அவை சேவல் முகம் பார்க்காத கோழிகள் இட்டவை, ஆறு மாதம் அடைவைத்தாலும் கூழாகத்தான் போகும். இதைச் சொல்ல வாயைத் திறந்த பிரேமிளா, "எடுத்துக்கங்க ராத்தா" என்றாள். அடைக்கு ஒற்றைப்படைதான் ராசி என்று தானே பதினொன்றை எண்ணியும் கொடுத்தாள்.

அடுத்த இருபது நாளும் அவள் தின்றது உடம்பில் ஒட்டவில்லை. வேறிடத்தில் நல்ல அடைமுட்டை வாங்கி மாற்றிவைக்கலாம் என்று இரண்டு தடவை போனாள். ஜஹானா கோழியை விட்டு அசையவில்லை. பதினெட்டாம் நாள் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றே போனாள். ஜஹானா ஒரு முட்டையைப் போன் டோர்ச்சில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உள்ளுக்கு ஒண்டும் தெரியல்ல ஆன்டி," என்றாள். நான்கு மாதத்தில் அவள் வெளியாள் ஒருவரிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். "ஆனா சூடா ஈக்கி."

பிரேமிளா அப்படியே திரும்பி வீடு வந்து, கோழிக்கூட்டுக்குப் பின்னால் நின்று அழுதாள். தன் கோழிகளைப் பார்க்கவே அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

இருபத்தோராம் நாள் காலை பதினொரு முட்டையும் பொரிந்தன. குஞ்சுகள் பிளேன்டீ நிறத்தில் இருந்தன. ஈரம் காயும்வரை ருக்கியா வீட்டில் தேயிலைத் தொழிற்சாலை வாசம் அடித்தது. மூன்றாம் நாள் ஜஹானா அவற்றின் பின்னால் ஒழுங்கை முழுக்க ஓடினாள், சிரித்தாள். ஒழுங்கையே பிரேமிளாவின் முட்டையை மெச்சியது. அவளுக்கோ ஒவ்வொரு பாராட்டும் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. பிடிபட்டிருந்தால் ஒரு நாளோடு முடிந்திருக்கும். சாயம் போடுவதை விட்டாள், முட்டை கேட்டவர்களுக்கு இல்லை என்றாள், தலையைக் குனிந்துகொண்டு நடந்தாள். குஞ்சுகள் மட்டும் அவளை எங்கே கண்டாலும் வரிசையாகப் பின்னால் வந்தன.

ஆறு மாதத்தில் அவை முட்டையிட்டன. முதல் முட்டையை ஜஹானா பிரேமிளாவுக்குத்தான் கொண்டுவந்து கொடுத்தாள். அவித்த தண்ணீர் சிவந்தது. ஒரு வாய் குடித்துப் பார்த்தாள்: அண்ணன் அனுப்பிய அதே கூட்டுத்தூள். அடுப்பை அணைத்துவிட்டு நேரே ருக்கியா வீட்டுக்குப் போய், கதிரையில்கூட உட்காராமல், எல்லாவற்றையும் சொன்னாள். இறகு ஒட்டியதையும் விடவில்லை.

ருக்கியா தலையை நிமிர்த்தவில்லை. "எனக்கு அண்டைக்கே தெரியும்," என்றாள். "ஒங்கட விரல்ல சாயம் இருந்திச்சே. வீட்ட போய்த்தான் வெளங்கிச்சு; அதுக்குள்ள புள்ள முட்டைய மடில வெச்சிட்டு இருந்தா. எப்பிடிப் பறிக்கிற? நானும் வாயப் பொத்திட்டு இருந்தேன்." அவளுக்கும் வெட்கம்தான். இரண்டு பேரும் இருபத்தொரு நாள் ஒரே பயத்தை மூன்று வீடு தள்ளித் தள்ளி வைத்துக்கொண்டு பயந்திருக்கிறார்கள்.

குசினியிலிருந்து வந்த ஜஹானா உள்ளங்கைகளை விரித்துக் காட்டினாள். இரண்டும் மங்கலான தேயிலை நிறம்.

"முட்டையப் பொரட்டிப் பொரட்டி வெச்சதுல வந்தது, போகவே இல்ல. மூணாம் நாளே வெள்ள முட்டையாப் போச்சு, ஆன்டி."

"தெரிஞ்சுமா அடைவச்ச, புள்ள?" என்று கேட்டாள் பிரேமிளா.

"கோழி எழும்பல்ல. அது இருக்கக்கொள்ள நான் எப்பிடி எழும்புற?"

பிரேமிளா தன் விரல்களைப் பார்த்தாள், பிறகு அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டு, வாய்விட்டு மன்னிப்புக் கேட்டாள். ஜஹானா கையை உருவி, அடுப்பில் தண்ணீர் கொதிக்கிறது என்று உள்ளே போனாள்.

இப்போது ஒழுங்கையில் பாதி வீடுகள் அந்த முட்டையைத்தான் வாங்குகின்றன, தேயிலைச் செலவு மிச்சம். விருந்தாளி வந்தால் கூடுதலாக ஒன்று அவிக்கிறார்கள். பின்னேரங்களில் பிரேமிளா கீழே இறங்கி வருவாள், ஜஹானா கோப்பையை நீட்டுவாள், சீனி போடவா என்று கேட்பாள். பிரேமிளா வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வெறும் சாயமாகவே, கடைசிச் சொட்டுவரை குடிப்பாள்.